அன்றாட வாழ்வும் புனித நாளும்: ஹெஷலின் ‘சப்பாத்’ நூல் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சமய நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் இறைக்கொள்கையையே முதலில் வினவுவர். உலகம் எவ்வாறு தோன்றிற்று, உயிர் எங்குச் செல்லும், விடுதலை யாது என்னும் வினாக்கள் முன்னிற்கும். யூத சமயத்தை இவ்வாறு அணுகுவோர் விரைவில் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். அச்சமயத்தின் அடிப்படைத் தொகுப்புகளாகிய மிஷ்னாவும் தல்மூதும் வேறு வகையான வினாக்களால் நிறைந்துள்ளன. விளக்கை எப்பொழுது ஏற்றுவது, பிசைந்த மாவு எப்பொழுது புளித்ததாகக் கொள்ளப்படும், குடிலின் கூரையை எதனால் வேய்வது என்பனவே அங்கு நுணுகி ஆராயப்படுகின்றன. ஒருவர் நாளொன்றுக்கு நூறு வாழ்த்துரைகள் கூறக் கடமைப்பட்டவர் என்பது தல்மூதில் ரபி மெயிர் தரும் கருத்து. உண்ணும் உணவுக்கும் முகரும் நறுமணத்துக்கும் வாழ்த்துரை உண்டு; உடற்கழிவு நீங்கிய பின் கூறுவதற்கும் ஒன்று உண்டு. அன்றாட வாழ்வின் சிறு செயல்களிலேயே பொருள் தேடும் மரபு இது என்பதில் ஐயமில்லை.

இம்மரபினை இருபதாம் நூற்றாண்டு வாசகர்க்கு எடுத்துரைத்த நூல்களுள் ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் ஆங்கிலத்தில் எழுதி 1951இல் வெளியிட்ட ‘சப்பாத்’ தனியிடம் பெறுவதாகும். அளவில் சிறியது, ஆயினும் யூதரல்லாதார் பலரும் யூத வாழ்வை அறிந்துகொள்ள முதலில் நாடும் நூல்களுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. இந்நூல் அன்றாட வாழ்வுக்கும் புனித நாளுக்கும் உள்ள உறவை எவ்வாறு அமைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நூலின் மையக் கருத்தை நாம் மதிக்கிறோம். எனினும் அக்கருத்தை நிறுவ ஹெஷல் எடுத்தாளும் கதைகளை அவற்றின் மூலங்களோடு ஒப்பிட்டு வாசிக்கும்போது, நூல் அழுத்தம் தராத ஓர் உண்மை புலப்படுகிறது என்பதே நம் வாதம்.

நூலாசிரியரும் நூலெழுந்த சூழலும்

ஹெஷல் 1907இல் வார்சாவில், ஹசிதிய ஞானியர் பரம்பரையில் பிறந்தவர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் எபிரேய இறைவாக்கினரைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். 1938 அக்டோபரில் செருமானிய அரசு அவரைப் போலந்துக்கு நாடு கடத்தியது. 1939இல், போலந்தின்மீது படையெடுப்பு நிகழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவர் வார்சாவிலிருந்து வெளியேறினார். இலண்டன் வழியாக 1940இல் அமெரிக்காவை அடைந்தார். தாயையும் சகோதரியர் மூவரையும் அப்பேரழிவில் இழந்தார். 1945 முதல் 1972இல் மறையும்வரை நியூயார்க்கிலுள்ள யூத இறையியல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார்.

இவ்வரலாற்றை நூலின் பின்னணியாக மட்டும் கொள்வது போதாது. இடத்திலுள்ள பொருள்களை வெல்வதில் மனிதன் காட்டும் வேட்கையைக் கண்டித்தும், காலத்தைப் புனிதப்படுத்துவதையே யூத சமயத்தின் உயிர்நாடியாகக் காட்டியும் எழுதப்பட்ட நூல் இது. 1938 நவம்பரில் செருமனியில் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டதை அறிந்த ஒருவர் இவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இரண்டாம் முறையாக அழிக்கப்பட்டபின், யூதர்கள் எங்கும் எடுத்துச் செல்லக் கூடியதாக இருந்தது அவர்களின் நாட்காட்டியே. கட்டடம் எரியும்; ஏழாம் நாள் எரிவதில்லை. மறுபுறம், 1948இல் இசுரேல் நாடு உருவாகி மூன்றாண்டுகளே கடந்திருந்த வேளையில், இடத்தை மீட்ட பெருமிதம் மேலோங்கியிருந்த சூழலில், காலமே முதன்மை என்று அவர் எழுதினார் என்பதும் நோக்கத்தக்கது. போருக்குப் பிந்திய அமெரிக்காவின் பொருள் வளத்தையும் அவர் கண்முன் கண்டார். ஆகவே இந்நூலில் இழப்பின் குரலும் எச்சரிக்கையின் குரலும் ஒருங்கே ஒலிக்கின்றன.

காலத்தின் புனிதம்

ஹெஷலின் வாதம் ஓர் எளிய சான்றிலிருந்து தொடங்குகிறது. ‘புனிதம்’ என்னும் பொருள்தரும் எபிரேயச் சொல் ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றில் முதன்முதலாக வருமிடம் எது? மலையோ பலிபீடமோ அன்று; ஏழாம் நாளே புனிதமாக்கப்படுகிறது. இதனின்று அவர், பிற சமயங்கள் புனித இடங்களை நாட, விவிலியம் புனித நேரத்தை முதலில் நிறுவுகிறது என்று முடிவு செய்கிறார். சப்பாத்தைக் காலத்தில் எழுப்பப்பட்ட மாளிகையாக அவர் உருவகப்படுத்துவது இதனாலேயே.

அம்மாளிகையின் சுவர்கள் தடைகளால் ஆனவை. மிஷ்னா சப்பாத் நாளில் விலக்கப்பட்ட செயல்களை ‘நாற்பதில் ஒன்று குறைய’ என்று கணக்கிட்டு முப்பத்தொன்பதாகப் பட்டியலிடுகிறது. விதைத்தல் முதல் சுடுதல் வரையிலான பதினொன்று உணவோடு தொடர்புடையவை. கம்பளி கத்தரித்தல் தொடங்கிப் பதின்மூன்று உடையோடு தொடர்புடையவை. அடுத்து வரும் ஒன்பதில் தோலைப் பதப்படுத்துதலோடு, இரண்டு எழுத்துகளை எழுதுதலும் அடங்கும். கட்டுதல், இடித்தல், தீயணைத்தல், தீமூட்டல், இறுதிச் சுத்தியலடி, பொருளைச் சுமந்து செல்லுதல் ஆகியவற்றோடு பட்டியல் நிறைவுறுகிறது. மனித நாகரிகத்தின் அடிப்படைத் தொழில்கள் அனைத்தும் இங்கு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரு நாகரிகம் தன்னையே பட்டியலிட்டு, வாரத்தில் ஒரு நாள் அதனைக் கீழே வைக்கிறது. ஹெஷல் இதனை நாகரிகத்தைத் துறத்தலாகக் கருதுவதில்லை. நாகரிகத்துக்கு அடிமைப்படாதிருக்கும் பயிற்சியாகக் காண்கிறார்.

ஈண்டு மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றைச் சுட்டுதல் தகும். சப்பாத் என்பதன் வேர்ச்சொல் ‘நின்றுபோதல்’, ‘விட்டொழிதல்’ என்னும் பொருள் தருவது. தமிழ் விவிலியம் இதற்கு ‘ஓய்வுநாள்’ என்னும் சொல்லை வழங்குகிறது. இன்றைய வழக்கில் ஓய்வு என்பது களைப்பு நீங்கும் இடைவேளையாகவோ பணிக்காலத்தின் முடிவாகவோ சுருங்கிவிட்டது. ஆனால் ‘மழை ஓய்ந்தது’ என்னும்போது எவரும் மழைக்குக் களைப்பு என்று கொள்வதில்லை. தொல்காப்பிய உரியியலும் ஓய்தலை, முன்பிருந்த ஒன்று நுணுகிக் குறைதலைக் குறிக்கும் சொற்களுள் வைக்கிறது. இப்பழம்பொருளை நினைவிற்கொண்டால் ‘ஓய்வுநாள்’ செவ்விய மொழிபெயர்ப்பே. எனினும் ஹெஷல் அதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். ஆறு நாள் படைப்புக்குப் பின் உலகிற்கு எது குறையாக இருந்தது என்று வினவும் ரபிமார், ‘மெனுஹா’ என்று விடை கூறினர். அது ஏழாம் நாளில் படைக்கப்பட்டதாம். செயலின்மை எவ்வாறு படைக்கப்படும்? ஆகவே மெனுஹா என்பது உடன்பாட்டுப் பொருளுடையது. தமிழில் அதற்கு ‘ஓய்வு’ என்பதைவிட ‘ஆறுதல்’ என்பதே அணித்தாக வரும் என நாம் கருதுகிறோம். வழி நடந்தவன் நிழலில் ஆறுவதும், துயருற்றவன் உள்ளம் ஆறுவதும் ஆகிய இரண்டும் அச்சொல்லில் உள்ளன.

குகைக் கதையின் பிற்பகுதி

நூலின் மிகச் சிறந்த பகுதி, தல்மூதின் சப்பாத் ஏட்டிலுள்ள ரபி சிமியோன் பென் யோஹாயின் கதைக்கு ஹெஷல் தரும் விளக்கம் ஆகும். உரோமர் அமைத்த சந்தைகளையும் பாலங்களையும் குளியல் இல்லங்களையும் ரபி யூதா புகழ்கிறார். சிமியோன் அவற்றை இகழ்கிறார். அவை யாவும் உரோமரின் தன்னலத்துக்காகவே எழுந்தவை என்கிறார். மரண தண்டனைக்குத் தப்பி, மகனோடு குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் மறைந்திருந்து தோராவைப் பயில்கிறார். வெளியே வந்ததும் மக்கள் உழுவதையும் விதைப்பதையும் கண்டு, நிலையான வாழ்வை விட்டு நிலையற்றதைப் பற்றுகிறார்களே என்று சினக்கிறார். தந்தையும் மகனும் பார்த்த இடமெல்லாம் எரிகிறது. என் உலகை அழிக்கவா வெளியே வந்தீர்கள் என்று விண்ணிலிருந்து ஒரு குரல் கடிந்து, அவர்களை மீண்டும் குகைக்கு அனுப்புகிறது. பன்னிரண்டு திங்கள் கழித்து வெளிவரும்போது, சப்பாத் தொடங்கும் அந்தியில் ஒரு முதியவர் இரண்டு கட்டு மிருதுச்செடித் தழைகளை ஏந்தி ஓடுவதைக் காண்கின்றனர். சப்பாத்தைச் சிறப்பிக்கவே அத்தழைகள் என்கிறார் அவர். ஒன்று போதாதோ எனின், ‘நினைவுகூர்’ என்னும் கட்டளைக்கு ஒன்று, ‘கைக்கொள்’ என்னும் கட்டளைக்கு ஒன்று என்கிறார். இருவர் உள்ளமும் அமைதியுறுகிறது.

உலகைத் துறந்த ஞானிக்கும் உலகில் உழைக்கும் உழவனுக்கும் இடையிலான முரணை இந்தக் கதையில் ஹெஷல் காண்கிறார். நிலையான வாழ்வின் சுவையை உழவனுக்கும் தருவது சப்பாத் என்பதால் அம்முரண் தீர்கிறது என்பது அவர் வாசிப்பு. நுட்பமான வாசிப்பே. ஆயினும் தல்மூதில் கதை அத்துடன் முடிவதில்லை.

குகையிலிருந்து வந்த சிமியோனை ரபி பினஹாஸ் பென் யாயிர் குளியல் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, வெடித்துப் புண்ணாகியிருந்த அவர் உடலைப் பேணுகிறார். பின்னர்ச் சிமியோன், தமக்கு வியத்தகு உதவி கிட்டியதால் தாமும் எதையேனும் சீர்செய்ய வேண்டும் என்கிறார். தூய்மை பற்றிய ஐயத்தால் குருக்கள் சுற்றிச் செல்ல வேண்டியிருந்த ஒரு நிலப்பகுதியை ஆராய்ந்து, அவர்கள் நடந்து செல்ல வழி செய்கிறார். அவ்விடத்தில் தல்மூது, முன்னோராகிய யாக்கோபு ஒரு நகருக்குச் செய்த நன்மை யாது என்று வினவுகிறது. நாணயம் என்கிறார் ஒருவர். சந்தைகள் என்கிறார் மற்றொருவர். குளியல் இல்லங்கள் என்கிறார் மூன்றாமவர். கதையின் தொடக்கத்தில் சிமியோன் எவற்றை இகழ்ந்தாரோ அவற்றுள் இரண்டு, இங்கு முன்னோரின் அறச்செயலாகத் திரும்பி வருகின்றன. கதையின் இறுதி முற்றிலும் இனிதாக அமைவதன்று. சிமியோனின் பார்வைக்குரிய கடுமை மீண்டும் ஒருமுறை வெளிப்படவே செய்கிறது. எனினும் கதையமைப்பின் நோக்கம் தெளிவு. சப்பாத்தைக் கண்டு அமைதியுற்றவர், அடுத்துச் செய்ய வேண்டியது ஒரு பாதையைச் செப்பனிடுதல். காலத்திற் பெற்றதை இடத்திற் செலவிட வேண்டும் என்பதே தல்மூது கதையின் போக்கு.

ஹெஷல் எடுத்துக்காட்டும் மற்றொரு சிறுகதையிலும் இந்நிலையைக் காணலாம். பக்தர் ஒருவர் சப்பாத் நாளில் தம் திராட்சைத் தோட்டத்தில் உலவும்போது வேலியில் ஓர் உடைப்பைக் கண்டு, பின்னர்ச் சீர்செய்ய எண்ணினார். அவ்வெண்ணம் சப்பாத்தில் எழுந்தது என்பதற்காகவே அவ்வேலியை அவர் ஒருபோதும் செப்பனிடவில்லை. எண்ணமும் ஓய வேண்டும் என்பதற்கு இது சிறந்த சான்று. ஆனால் வேலியற்ற தோட்டத்தை நம்பிய குடும்பத்தின் நிலை என்ன? இக்கதையின் பாபிலோனியத் தல்மூது வடிவம் இவ்வினாவுக்கு விடை தருகிறது. உடைப்பில் உண்ணத்தக்க காய்க்கும் ஒரு செடி முளைத்து, அவரையும் அவர் வீட்டாரையும் வாழ்வித்தது என்கிறது அது. பக்தியைப் போற்றிய கதைசொல்லி வீட்டாரின் உணவையும் மறக்கவில்லை.

அடுக்களையும் ஆயத்தமும்

சப்பாத் நாளில் சமைத்தல் ஆகாது. ஆயினும் அன்று மூன்று வேளை உண்ண வேண்டும் என்பது மரபு. எனவே புனித நாளின் ஒவ்வோர் உணவும் முந்திய நாளில் யாரோ ஒருவரின் உழைப்பால் அமைந்தது. சப்பாத்துக்கு முன்னாள் உழைத்தவனே சப்பாத்தில் உண்பான் என்பது தல்மூதில் இடம்பெறும் ஒரு வழக்கு. அந்த உழைப்பைத் தல்மூது இழிவாகக் கருதவில்லை. பெரும் அறிஞர்கள் சப்பாத்தை வரவேற்கத் தாமே செய்த பணிகளை ஒரு பகுதி வரிசையாகக் கூறுகிறது. ரபி ஹிஸ்தா கிழங்குவகைக் கீரையை நறுக்கினார்; ரப்பாவும் ரபி யோசேப்பும் விறகு பிளந்தனர்; ரபி செய்ரா தீ மூட்டினார்; ராவா மீனுக்கு உப்பிட்டார். நாளை வரும் அரசிக்காக இன்று தம் கைகளால் உழைக்க விரும்பினர்.

ஆயினும் வரலாற்றில் இவ்வுழைப்பின் பெரும்பங்கு பெண்களையே சார்ந்தது. அந்தி நெருங்கும்போது ஆடவன் தன் வீட்டில் மூன்று செய்திகளைக் கூற வேண்டும் என்கிறது மிஷ்னா: பத்தில் ஒரு பங்கு ஒதுக்கியாயிற்றா, எல்லைக் கலப்பு அமைத்தாயிற்றா, பின்பு, விளக்கேற்றுங்கள். வினவுபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்னும் அமைப்பு இதில் வெளிப்படை. ஹெஷலின் நூலில் சப்பாத் அரசியாகவும் மணமகளாகவும் பெண்ணுருவில் போற்றப்படுகிறது. மணமகளை வரவேற்க உணவு சமைத்த பெண்ணுக்கு நூலில் உள்ள இடமோ மிகச் சிறிது. இது அவர் காலத்து ஆண் அறிஞர் பலருக்கும் பொதுவான குறை எனலாம். எனினும் காலமே புனிதம், பொருளன்று என்னும் எதிர்நிலையே இக்குறைக்கு இடந்தருகிறது என்பது நம் கருத்து. புனிதத்தை நேரத்தில் மட்டும் காணும் கண்ணுக்கு, அந்நேரத்தை உருவாக்கிய பாத்திரமும் அடுப்பும் எளிதில் மறைந்துவிடும். 2005இல் வெளிவந்த பதிப்புக்கு முன்னுரை எழுதிய அவர் மகள் சூசன்னா ஹெஷல், தம் வீட்டுச் சப்பாத் மாலைகளை நினைவுகூர்வது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தந்தை எழுதிய மாளிகைக்குள் அம்முன்னுரை ஒரு வீட்டைக் கொண்டுவந்து வைக்கிறது.

உழைப்பவர் பற்றிய அக்கறை மூலநூலிலேயே உள்ளது. பத்துக் கட்டளைகளின் யாத்திராகம வடிவம் சப்பாத்துக்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகம வடிவம் எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணம் காட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய வேண்டும் என்கிறது. முதியவரின் இரு தழைக்கட்டுகள் இவ்விரு வடிவங்களின் முதற்சொற்களையே குறித்தன. ஹெஷலின் உள்ளம் படைப்பைக் கூறும் வடிவத்தின்பால் மிகுதியும் சாய்கிறது. இரண்டாம் கட்டினையும் நாம் விடாது ஏந்த வேண்டும்.

திருநாள்களில் பொருள்களின் இடம்

சப்பாத்திலிருந்து ஆண்டுத் திருநாள்களுக்குச் சென்றால் பொருள்களின் இடம் மேலும் தெளிவாகும். பஸ்காவுக்கு முந்திய இரவில் வீட்டார் மெழுகுவத்தி ஒளியில் மூலைமுடுக்கெல்லாம் புளித்த மாவுத் துணுக்குகளைத் தேடுகின்றனர். பஸ்கா இரவுணவில் இளையவர் வினவ மூத்தவர் விடுதலைக் கதையைக் கூறுவர். கதையின் ஒவ்வொரு பகுதிக்கும் மேசைமீது ஒரு பொருள் உண்டு: அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, செங்கல் சாந்துக்குப் பழமும் பருப்பும் சேர்ந்த இனிப்புக் கலவை, விரைந்து புறப்பட்டதற்குப் புளியாத அப்பம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்தினின்று வெளியேறியதாகக் கருத வேண்டும் என்பது மிஷ்னாவின் கட்டளை. கடந்த காலத்தைத் தன் காலமாக்கும் அப்பயிற்சி நாவின் வழியாகவே நிகழ்கிறது.

கூடாரத் திருநாளில் இடமே வழிபாடாகிறது. ஏழு நாள்கள் குடும்பத்தார் தழை வேய்ந்த குடிலில் உண்டு வாழ்கின்றனர். கூரை வெயிலைவிட நிழலை மிகுதியாகத் தர வேண்டும். விண்மீன்கள் தெரியுமாறு இருத்தல் வழக்கம். அந்நாள்களில் குடிலை நிலையான இருப்பிடமாகவும் வீட்டைத் தற்காலிக இடமாகவும் கொள்ளுமாறு மிஷ்னா பணிக்கிறது. செல்வத்தின் நிலையாமையைப் பற்றி எத்தனை அறவுரை கேட்டாலும், மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் ஒருவேளை உண்டவர் அறிவதைப் போல் அறிய இயலாது. பாவநிவர்த்தி நாளிலும் இத்தகைய உறுதியைக் காணலாம். இறைவனுக்கு எதிரான பிழையை அந்நாள் நீக்கும். அயலானுக்கு இழைத்த பிழையை, அவனிடம் சென்று அவன் மனத்தைத் தணிக்கும்வரை நீக்காது என்கிறது மிஷ்னா. நாளின் புனிதம் மட்டும் போதாது. அண்டை வீட்டுக்கு நடந்து செல்லவும் வேண்டும்.

நேர்மை கருதி ஒன்றைக் கூற வேண்டும். இடத்தையும் பொருளின் பேற்றையும் இழித்துரைப்பது படைப்பையே இழித்துரைப்பதாகும் என்று ஹெஷலே தம் நூலின் முகப்பில் எச்சரிக்கிறார். அவர் கருத்தில் இச்சமநிலை இருந்தது. நூலின் உருவகங்களும் அழுத்தமும்தாம் அதனை ஒருபுறம் சாய்த்துவிட்டன.

கொங்கணக் கடற்கரையின் சான்று

இந்தியவியல் துறையினருக்கு இவ்விவாதத்தில் ஒரு சொந்தச் சான்று உண்டு. மகாராட்டிரத்தின் கொங்கணக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இசுரேல் என்னும் யூதச் சமூகத்தார் பலர் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தனர். பிற யூதச் சமூகங்களோடு நெடுங்காலம் தொடர்பற்றிருந்த அவர்களிடம் எபிரேயக் கல்வி பெரும்பாலும் மறைந்துவிட்டது. விருத்தசேதனம், சில உணவு விலக்குகள், இறைவன் ஒருவனே என்னும் ‘ஷெமா’ வாக்கு ஆகியவற்றோடு சப்பாத்தும் எஞ்சியது. அயலார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று அழைத்தனர்.

இப்பெயரை ஹெஷலின் நூலோடு வைத்து எண்ணுதல் பயன்தரும். நூல்களை இழந்த பின்னும் நாள் எஞ்சியது என்பது அவர் கொள்கைக்கு வலுவான ஆதரவு. அதே வேளையில், அந்நாள் அயலார் கண்ணுக்குப் புலப்பட்டது சுழலாது நின்ற செக்கின் வாயிலாகத்தான். மற்ற ஆறு நாள்களும் செக்கு ஆடியமையால்தான் ஏழாம் நாளின் ஓய்வுக்குப் பொருளிருந்தது. ஒரு சமூகத்தின் பெயரிலேயே அதன் தொழிலும் புனித நாளும் பிரிக்கவொண்ணாது இணைந்துவிட்டன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், யூத மரபில் அன்றாட வாழ்வு பொருள் பெறுவது காலமும் இடமும் கைகோக்கும்போதே என்பது தெளிவாகிறது. சப்பாத்தின் இறுதியில் நிகழும் ‘ஹவ்தாலா’ சடங்கில் திராட்சை இரசமும் நறுமணப் பொருளும் பல திரிகள் பின்னிய மெழுகுவத்தியும் வைத்து, புனிதத்தையும் பொதுமையையும் பிரித்தறியச் செய்தமைக்காக இறைவன் வாழ்த்தப்படுகிறான். விலக்கப்பட்டிருந்த தீ, வாரத்தின் முதற்செயலாக அங்கு மீண்டும் ஏற்றப்படுகிறது. வேலை நாள்களும் வாழ்த்துரையுடனேயே தொடங்குகின்றன.

ஹெஷலின் நூல் இம்மரபின் ஒரு பாதியை எவரும் மறக்கவியலாத நடையில் கூறியது. மறுபாதியை அவர் வாழ்க்கை கூறிற்று என நாம் கருதுகிறோம். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா நகரில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்குடன் அவர் முன்வரிசையில் நடந்தார். அந்நடையில் தம் கால்களே வழிபட்டன என்னும் கருத்துப்பட அவர் பின்னர்க் குறிப்பிட்டார். குகையிலிருந்து வந்த சிமியோன் பிறர் நடக்கப் பாதையைச் செப்பனிட்டதை இந்நடையோடு சேர்த்து வாசிக்கலாம். ‘சப்பாத்’ நூலைக் கற்பிப்போர் தல்மூதின் அப்பிற்பகுதியையும் உடன்வைத்துக் கற்பிப்பாராயின், நூல் குறைவின்றி விளங்கும்.